சுமைதாங்கி

எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றிற்குச் செல்லும் மண்சாலையோரத்தில், புளியமரத்தடியில், சுமைதாங்கிக் கல் ஒன்று நிற்கின்றது. ஊன்றிய இரண்டு கற்கள். அவற்றின் மீது கிடத்திய ஒரு கல். தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியின்றித் தம் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கி, மீண்டும் தலைமாற்றிக்கொண்டு போகலாம். இன்று அச்சாலையில் தலைச்சுமையோடு நடப்பவர் எவருமில்லை. ஆடு மேய்க்கும் சிறுவர்கள் ஏறி அமர்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பதைத்தான் பார்க்கின்றேன்.

அக்கல் எதற்காக நாட்டப்பட்டது என்பதை ஊர் முதியவர்கள் அறிவார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் இத்தகைய கற்களை நாட்டுவது தமிழகத்தின் பழைய வழக்கம். இறக்கி வைக்க இயலாத சுமையோடு அவள் போய்ச் சேர்ந்தாள். வழிப்போக்கராவது தம் சுமையை இறக்கி வைக்கட்டும் என்பது அதன் உட்பொருள். சில கற்களில் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். எங்கள் ஊர்க் கல்லில் எழுத்து ஏதுமில்லை.

இந்தக் கல்லை நான் இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம், கடல் கடந்த நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் நடந்தேறிய ஒரு வரலாறு. அந்த வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியவர் எங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்.

2021-ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக்கான தடுப்பூசி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்து சேர்ந்திருந்த நாள்களில், அவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். அங்கே அப்போது கிடைத்தது கோவிஷீல்டு ஒன்றுதான். "சாமி, இந்த ஊசி கருக்கலைச்ச பிள்ளையோட உடம்புலேருந்து வந்ததாமே, மெய்தானா? போட்டுக்கிடலாமா?" என்று கேட்டார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் வெளியிட்ட குறிப்பை நான் படித்திருந்தேன். குறையற்ற வேறு தடுப்பூசி கிடைக்காதவிடத்து இத்தகைய ஊசியை ஏற்றுக்கொள்வது ஒழுக்கநெறிக்கு முரணாகாது என்பது அதன் தீர்ப்பு. "பாவமில்லை டீச்சர், தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் எழுந்து வாசல்வரை சென்றார். திரும்பி நின்று, "சரிங்க சாமி. அந்தப் பிள்ளை யாரு?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. இறையியல் படித்தவனுக்கு அது வெட்கமாக இருந்தது. 'போட்டுக்கொள்ளலாமா' என்ற கேள்விக்கு ஆயத்தமாக இருந்த நான், 'யார்' என்ற கேள்வியை ஒருமுறைகூட எழுப்பியதில்லை. அதன்பின் தேடிப் படித்தபோது தடுப்பூசி இக்கதையின் ஒரு கிளை மட்டுமே என்பது புலனாயிற்று. அதைவிட வியப்பும் அதைவிட உறுத்தலும் தருவது லென்டிவைரஸ் துகள்களின் கதை.

துகள் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று உயிரியல் ஆய்வு செய்வோர், தங்களுக்கு வேண்டிய மனித மரபணு ஒன்றைச் சுமந்த வைரஸ் துகள்களை ஒரு சிறு குப்பியில் விலைக்கு வாங்கலாம். பூச்சியத்திற்குக் கீழே 80 பாகை குளிரில் உறைந்த நிலையில் அது வந்து சேரும். அதை உருக்கி, வளர்ப்புத் தட்டில் உள்ள உயிரணுக்களின் மீது இட்டால், துகள்கள் உள்ளே புகுந்து தாம் சுமந்துவந்த மரபணுவை அவ்வுயிரணுவின் மரபுத்தொகுதியிலேயே நிலையாகப் பதித்துவிடும். அவ்வாறு அனுப்பப்படும் மரபணுக்களில் சிறப்பிடம் பெற்றவை படியெடுப்புக் காரணிகளின் மரபணுக்கள். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ முழு மரபுநூலும் உள்ளது. எனினும் கண்ணின் உயிரணு ஒரு சில பக்கங்களையும், கல்லீரலின் உயிரணு வேறு சில பக்கங்களையும் மட்டுமே படிக்கின்றது. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது என்று ஆணையிடும் புரதங்களே படியெடுப்புக் காரணிகள். ஒன்றை மாற்றினால் அதன் ஆணைக்குட்பட்ட நூற்றுக்கணக்கான மரபணுக்களின் நடத்தை மாறும்.

இப்புரதத்தை உயிரணுவிற்குள் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆயிரக்கணக்கான புரதங்களுக்கிடையே அது ஒன்று. எனவே அதன் ஓர் ஓரத்தில் சிறியதோர் அடையாளக் குறியைச் சேர்த்துத் தைத்து அனுப்புகிறார்கள். 1988-ஆம் ஆண்டு அறிமுகமான 'ஃபிளாக்' என்னும் குறி எட்டே அமினோ அமிலங்களால் ஆனது. அக்குறியை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை இட்டால், காரணி எங்கே இருக்கின்றது, எதனோடு ஒட்டியிருக்கின்றது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் சட்டையில் தாய் பெயர்ச்சீட்டைக் குத்தி அனுப்புவது போன்றதே இது.

இனி, சுமக்கும் வைரஸின் பழங்கதை. குருமடத்தில் இலத்தீன் படித்தவர்களுக்கு 'லென்டுஸ்' என்ற சொல் நினைவிருக்கும். மெதுவானது என்று பொருள். 1933-ஆம் ஆண்டு ஐஸ்லாந்து நாட்டார் தம் மந்தைகளை மேம்படுத்துவதற்காக ஜெர்மனியிலிருந்து காரகுல் இனச் செம்மறிகள் இருபதை வரவழைத்தனர். பார்வைக்கு நோயற்றவை. சில ஆண்டுகள் கழித்து உள்ளூர் ஆடுகள் மூச்சிரைத்தும், பின்கால் தளர்ந்து மெலிந்தும் மடியத் தொடங்கின. மெலிந்து வாடுவதைக் குறிக்கும் 'விஸ்னா' என்ற நாட்டுச் சொல்லே நோயின் பெயராயிற்று. பியோர்ன் சிகுர்த்சொன் என்ற மருத்துவ ஆய்வாளர், தொற்றிய நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே ஆண்டுகள் கழியும் இத்தகைய நோய்களுக்கு 'மெதுத்தொற்று' என்ற கருத்தை 1954-ஆம் ஆண்டு முன்வைத்தார். மந்தை மந்தையாக அழித்தே ஐஸ்லாந்து அந்நோயிலிருந்து விடுபட்டது. பின்னாளில் லென்டிவைரஸ் என்ற குடும்பப் பெயர் இந்த மெதுநடையிலிருந்தே பிறந்தது.

அக்குடும்பத்தில் மனிதனைத் தாக்குவது எது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. 1983-ஆம் ஆண்டு பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோன்தாஞே ஆகியோர் கண்டுபிடித்த எச்.ஐ.வி. அது. மூன்றே ஆண்டுகளில், 1986-இல், நம் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளை அடையாளம் கண்டனர். நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், இந்நோயால் இறந்த இளைஞர் ஒருவரை அடக்கம் செய்யப் பெட்டியைத் தூக்க நால்வர் கிடைக்கவில்லை. குழி வெட்டியவரும், இறந்தவரின் தாய்மாமனும், உபதேசியாரும், நானும் தூக்கினோம். ஊரார் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றனர். அந்த வைரஸின் பெயரை மருந்தோடு சேர்த்துச் சொல்லும் காலம் வருமென்று அன்று எவரேனும் கூறியிருந்தால், துயருற்றோரிடம் பரிகாசமா என்று கடிந்திருப்பேன்.

ஆனால் அக்காலம் அப்போதே தொடங்கியிருந்தது. 1996-ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் லூய்ஜி நல்தீனி, திதியே திரோனோ, இந்தர் வர்மா முதலியோர் எச்.ஐ.வி.யைப் பிரித்துப் போட்டனர். அவ்வைரஸ் தன் ஆர்.என்.ஏ. செய்தியை டி.என்.ஏ.வாக எழுதி, மனித உயிரணுவின் மரபுத்தொகுதிக்குள் செருகிவிடும். மேலும், பகுப்படையாது ஓய்ந்திருக்கும் உயிரணுவிற்குள்ளும் அது புகும். நோயாளிக்குக் கேடாய் அமைந்த இவ்விரு திறன்களையும் வைத்துக்கொண்டு, பெருகிப் பரவும் திறனை மட்டும் அவர்கள் அகற்றினர். வைரஸின் நிரலைத் துண்டுதுண்டாக்கித் தனித்தனி டி.என்.ஏ. வளையங்களில் வைத்தனர். மாடு, குதிரைகளுக்கு வாய்க்கொப்புளம் உண்டாக்கும் மற்றொரு வைரஸின் மேலுறையைப் போர்த்தினர். எலியின் மூளை நரம்பணுக்களில் அது மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1998-இல் வந்த அடுத்த வடிவத்தில் எச்.ஐ.வி.யின் ஒன்பது மரபணுக்களில் மூன்று மட்டுமே தயாரிப்புக்குப் பயன்பட்டன. அந்த மூன்றும்கூடத் துகளுக்குள் ஏறுவதில்லை. ஒரே ஒரு முறை உள்ளே போகும், சுமையை இறக்கும், அதோடு அதன் பயணம் முடிந்தது.

இதுவரை படித்தபோது எனக்கு மகிழ்ச்சியே மேலிட்டது. யோசேப்பு தம் சகோதரரிடம் கூறியதை எண்ணிக்கொண்டேன். தீங்காக நினைத்தது நன்மையாக முடிந்தது என்று ஒரு மறையுரைக்கே குறிப்பெழுதத் தொடங்கிவிட்டேன். துண்டுகளாக்கிய டி.என்.ஏ. வளையங்களை எங்கே ஒன்றுசேர்த்துத் துகளாக்குகிறார்கள் என்ற வினாதான் என்னை நிறுத்தியது. வைரஸ் தானாக உருவாகாது. அதனைக் கட்டித் தருவதற்கு உயிருள்ள உயிரணு வேண்டும். உலகெங்கும் இப்பணிக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஒரே உயிரணு வழி. அதன் பெயர் ஹெக் 293. மனிதக் கரு, சிறுநீரகம் என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளோடு ஓர் எண்.

1973-ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் வான் டெர் எப் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் பிராங்க் கிரகாம் என்ற கனடா நாட்டு இளைஞர் பணியாற்றினார். டி.என்.ஏ.வைக் கால்சியம் பாஸ்பேட்டுடன் கலந்து உயிரணுவிற்குள் புகுத்தும் முறையை அவ்விருவரும் அங்கே கண்டனர். அம்முறையால், மனிதச் சிசுவின் சிறுநீரக உயிரணுக்களுக்குள் அடினோவைரஸின் டி.என்.ஏ.த் துண்டுகளைச் செலுத்திப் பார்த்தார் கிரகாம். மீண்டும் மீண்டும் தோல்வி. முடிவில் ஒரு தட்டில் மட்டும் உயிரணுக்கள் சாகாது பெருகத் தொடங்கின. குறிப்பேட்டில் அது அவருடைய 293-ஆம் சோதனை. அதுவே பெயராயிற்று. அன்று பெருகத் தொடங்கியவை இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. கோவிஷீல்டைத் தந்ததும் இவ்வழியே.

அந்தச் சிசு? 2001-ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுமுன் வான் டெர் எப் சாட்சியமளித்தார். சிறுநீரகம் பெரும்பாலும் 1972-இல் பெறப்பட்டிருக்கலாம், நாள் நினைவில்லை, குடும்பப் பின்னணி தெரியாது, தம் நினைவின்படி சிசுவிடம் குறையேதும் இல்லை, கருக்கலைப்புக்கான காரணம் அன்று தெரிந்திருக்கக்கூடும், இன்று தொலைந்துபோயிற்று என்பது அவர் கூறியதன் சாரம். தானாகக் கலைந்த கருவாகவும் இருக்கலாம் என்று கிரகாம் பின்னர்க் கூறியிருக்கின்றார். பதிவேடு இல்லாத காரணத்தால் எவரும் அறுதியிட்டு உரைக்க இயலாது. உயிரணுக்களே சொல்லும் செய்தி ஒன்று மட்டும் உண்டு. அவற்றில் ஒய் குரோமோசோம் இல்லை, எக்ஸ் மட்டுமே. பெண் குழந்தை.

துகள் சுமந்து செல்லும் புரதத்திற்குப் பெயர்ச்சீட்டு உண்டு என்றேனல்லவா? அத்துகளைக் கட்டித் தருபவளுக்கு உள்ளது ஒரு சோதனை எண். கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில், இத்தனை உயிரணு, இத்தனை மணி நேரம் என்ற ஒற்றை வரியில் அவள் ஆயிரமாயிரம் முறை வந்து போகின்றாள். 1951-ஆம் ஆண்டு பால்டிமோரில் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பெண்மணியின் உயிரணுக்களும் இவ்வாறே அவரைக் கேளாமல் எடுக்கப்பட்டு உலகெங்கும் பரவின. ஆனால் அவருக்குப் பிள்ளைகள் இருந்தனர், பெயர் வெளிவந்தது, 2010-இல் கல்லறைக்கு எழுத்துப் பொறித்த கல்லும் வந்தது. லெய்டனின் இக்குழந்தைக்காகப் பேச எவர் உளர்?

இக்கதையின் மிக நுட்பமான முடிச்சு ஜப்பானில் விழுந்தது. 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து மூலவுயிரணுக்களைப் பிரித்தெடுத்தது முதல், அதற்காகக் கருக்களை அழிக்கலாமா என்ற வழக்கு உலகை இரண்டாகப் பிளந்திருந்தது. கியோட்டோவின் ஷின்யா யாமானாகா முதலில் எலும்பு மருத்துவர். அறுவைக்கூடத்தில் கை மந்தம் என்று மூத்தோர் அவரைத் தடை என்று பொருள்படும் 'ஜாமானாகா' எனக் கேலி செய்தனராம். அவர் தம் நண்பரின் மருத்துவ மனையில் ஒருமுறை நுண்ணோக்கி வழியே மனிதக் கருவொன்றைக் கண்டார். இதற்கும் என் பெண்மக்களுக்கும் இடையே எவ்வளவு சிறிய வேறுபாடு என்ற எண்ணம் எழுந்ததாகவும், கருவை அழிக்காத வேறு வழி இருந்தாக வேண்டும் என்று துணிந்ததாகவும் அவர் பின்னர்ச் செய்தியாளரிடம் சொன்னார். கத்தோலிக்கர் அல்லாத ஒருவர், எந்தத் திருச்சபை ஏட்டையும் படிக்காமல், கண்ணால் கண்டு அடைந்த தெளிவு இது. இயற்கைச் சட்டம் மனித இதயத்தில் எழுதப்பட்டுள்ளது என்று குருமடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அவரும் மாணவர் கசுதோஷி தாகாஹாஷியும் இருபத்து நான்கு மரபணுக்களை எடுத்து, ஒவ்வொன்றாய்க் கழித்துப் பார்த்து, நான்கில் வந்து நின்றனர். நான்கும் படியெடுப்புக் காரணிகள். அவற்றை வைரஸில் ஏற்றி எலியின் சாதாரணத் தோல் உயிரணுவில் செலுத்த, அது தன் முதுமையை மறந்து கருவின் மூலவுயிரணு போன்று மாறியது. அது 2006. மறு ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், மனிதத் தோல் உயிரணுவில் இதைச் செய்துவிட்டதாக யாமானாகா குழுவும் தாம்சன் குழுவும் ஒரே நாளில் அறிவித்தன. தாம்சன் குழு நான்கு மரபணுக்களை அனுப்பியது லென்டிவைரஸ் துகள்களில்; யாமானாகா குழுவும், மனித உயிரணுவின் வாயிலைத் தம் வைரஸுக்குத் திறந்துவிடும் மரபணுவை லென்டிவைரஸிலேயே அனுப்பியது. உயிர்வாழ்வுக்கான திருப்பீடக் கழகத்தின் தலைவர் ஆயர் எலியோ ஸ்க்ரேச்சா வத்திக்கான் வானொலியில் அதனை வரவேற்றார். நானும் அந்த ஞாயிறு மறையுரையில் அதைச் சொல்லி மகிழ்ந்தேன். 2012-இல் யாமானாகாவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோதும் சொன்னேன்.

நான் சொல்லாதது, சொல்லத் தெரியாதிருந்தது, இதுதான்: கருவை அழிக்காத அந்த வழிக்கு வேண்டிய துகள்களை இரு குழுக்களும் தயாரித்தது 293-இன் வழிவந்த உயிரணுக்களில். தாம்சன் குழு மாற்றிக்காட்டிய உயிரணுக்களில் ஒரு வகை, கருக்கலைப்புக்குள்ளான பதினாறு வாரப் பெண் சிசு ஒன்றின் நுரையீரலிலிருந்து 1970-களில் எடுக்கப்பட்ட வழி. ஒரு பெண் குழந்தையைக் கடந்து வந்துதான் மற்றக் கருக்களைக் காக்கும் வழி பிறந்தது. இதைச் சொல்வதால் யாமானாகாவின் மனச்சான்றுக்கு நான் மாசு கற்பிக்கவில்லை. அவர் தேடியது மெய்யாகவே நல்வழி. பின்னர் மரபுத்தொகுதியில் பதியாத செண்டாய் வைரஸ் முதலிய வேறு முறைகளும் வந்தன. ஆயினும் வரலாற்றை எழுதுகிறவன் தனக்கு உவப்பான பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாகாது.

துகள்கள் மருத்துவமனைக்குள் நுழைந்த வரலாற்றிலும் குழந்தைகளே முன்வரிசை. எதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த குழந்தைகளுக்குப் பாரிசின் நெக்கெர் மருத்துவமனையில் அலென் ஃபிஷரும் மரினா கவத்சானாவும் எலி வைரஸ் ஒன்றில் மரபணுவை ஏற்றித் தந்தனர். 2000-ஆம் ஆண்டு வெற்றி அறிவிக்கப்பட்டது. 2002-இல் அக்குழந்தைகளில் இரத்தப் புற்றுநோய் தலைகாட்டியது. படியெடுப்பை ஆளும் எல்.எம்.ஓ.2 என்ற மரபணுவின் அருகே வைரஸ் பதிந்து, அதனைத் தட்டி எழுப்பியிருந்தது. பாரிசிலும் இலண்டனிலுமாகச் சிகிச்சை பெற்ற இருபதின்மரில் ஐவருக்கு அந்நோய் வந்தது. ஒரு குழந்தை இறந்தது. அதன்பின்னரே, பதிந்தபின் தன் விசையைத் தானே அணைத்துக்கொள்ளும் லென்டிவைரஸ் பக்கம் மருத்துவர்கள் பெரிதும் திரும்பினர். அதுவும் முற்றிலும் தீங்கற்றதன்று. மூளையின் வெண்பகுதியை அழிக்கும் நோயுற்ற சிறுவர்களுக்கு லென்டிவைரஸ் வழியே தந்த சிகிச்சையில் 67 பேரில் ஏழு பேருக்கு இரத்தப் புற்றுநோய் வகைகள் தோன்றியதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. அச்சிகிச்சை இல்லாதிருந்தால் அச்சிறுவர்களுள் பலர் பேச்சிழந்து, பார்வையிழந்து மாண்டிருப்பர் என்பதும் உண்மை.

நம் அருகிலேயே நடந்ததையும் குறிப்பிட வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இரத்தம் உறையாக் குறைபாடு கடுமையாய் உடைய ஐவருக்கு, அவர்களுடைய சொந்த மூலவுயிரணுக்களில் லென்டிவைரஸ் கொண்டு எட்டாம் காரணியின் மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்தினர். கண்காணித்த காலம் முழுவதும் ஐவருக்கும் இரத்தக்கசிவு நேரவில்லை என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. முழங்காலில் சிறு அடி பட்டாலும் வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் பிள்ளையை வைத்திருக்கும் வீட்டிற்குள் போய்வந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அந்தத் தாயிடம் போய், துகளின் பிறப்பிடம் சரியில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட என்னால் இயலாது. திருச்சபையும் அப்படிச் சொல்லவில்லை.

திருச்சபை சொன்னது என்ன? 2008-ஆம் ஆண்டு வெளிவந்த, 'டிக்னித்தாஸ் பெர்சோனே' என்று தொடங்கும் அறிவுரை ஏட்டின் இறுதிப் பகுதி இதைப் பேசுகின்றது. புனித அல்போன்ஸ் லிகோரி காலந்தொட்டு ஒழுக்க இறையியலார் செய்துவரும் ஒரு பகுப்பு அதன் அடித்தளம். தீச்செயலை விரும்பி அதில் பங்கேற்பது ஒன்று. விரும்பாமல், தொலைவில் நின்று, அதன் விளைவைப் பயன்படுத்த நேர்வது வேறொன்று. எனவே பிள்ளையின் உடல்நலம் கருதும் பெற்றோர் இத்தகைய உயிரணுவில் உருவான தடுப்பூசியை ஏற்கலாம். கூடவே, தம் உடன்பாடின்மையைத் தெரிவிக்கும் கடமையும், வேறு வகை மருந்தைக் கேட்கும் கடமையும் அவர்களுக்கு உண்டு. ஆய்வாளருக்கோ கடமை மேலும் கனமானது. கருக்கலைப்பில் தமக்குத் தொடர்பே இல்லையென்றாலும் அவர் அப்பொருளை மறுக்க வேண்டும் என்கின்றது ஏடு.

இதில் முதற்பாதியை நாம் அனைவரும் பற்றிக்கொண்டோம். 'கூடவே' என்ற சொல்லுக்குப் பிறகு வருவதை நழுவவிட்டோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த ஆசிரியையிடம் நான் சொன்னது முற்பாதியை மட்டுமே. வேறு வகை மருந்தைக் கேட்பது வீண் பேச்சுமன்று: அதே ஆண்டில் கிடைத்த கோவாக்சின், ஆப்பிரிக்கக் குரங்கொன்றின் சிறுநீரகத்திலிருந்து வந்த உயிரணுவில் வளர்ந்தது, கேட்டிருந்தால் மாவட்டத் தலைநகரில் கிடைத்திருக்கவும் கூடும். மறுபுறம், 293-ஐத் தொட்ட எதுவும் தீட்டு என்று சினந்து பேசுவோரும் உளர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியார், கடையில் விற்பதைத் துருவித் துருவி விசாரிக்க வேண்டாம் என்றார். ஆனால் ஒருவர் சுட்டிக்காட்டிய பின் அறியாதவர் போல் நடந்துகொள்ளவும் கூடாது என்றார். எனக்குச் சுட்டிக்காட்டப்பட்டுவிட்டது.

மத்தேயு நற்செய்தியில் யூதாசு எறிந்துவிட்டுப் போன வெள்ளிக்காசுகளைத் தலைமைக் குருக்கள் என்ன செய்தனர் என்பதைப் பெரும்பாலும் ஏளனமாகவே விளக்குகிறோம். காணிக்கைப் பெட்டியில் போடக் கூசி, அந்நியரை அடக்கம் செய்ய ஒரு நிலத்தை வாங்கினார்கள். வெளிவேடம்தான். எனினும் ஒன்றை அவ்வூரார் மறைக்கவில்லை. நிலம் பயன்பட்டது, அந்நியருக்கு அடக்க இடம் கிடைத்தது, அதன் பெயர் மட்டும் 'இரத்த நிலம்' என்றே வழங்கிவந்தது. குப்பிகளின் மேல் அச்சிடப்படும் சீட்டில் மரபணுவின் பெயர், அடையாளக் குறியின் பெயர், செறிவு, காலாவதி நாள் எல்லாம் உள்ளன.

அந்த ஆசிரியை ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, இவற்றையெல்லாம் ஓரளவு படித்து முடித்தபின், அவர் வீட்டிற்குச் சென்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். திண்ணையில் அமர்ந்து குறுக்கிடாமல் கேட்டார். "பொம்பளப் பிள்ளையா சாமி?" என்று ஒருமுறை மட்டும் கேட்டார். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் சக்கரீத்து அறைக்கு வந்து, அந்தப் பிள்ளைக்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்று நூறு ரூபாயை நீட்டினார்.

திருமுழுக்குப் பெறாத சிசுவுக்குத் திருப்பலியா என்ற தயக்கம் ஒரு கணம் எனக்குள் எழுந்தது. எங்கள் குருமடத்துப் பழைய பாடநூல்களில் அத்தகைய குழந்தைகளுக்கு 'லிம்போ' என்றொரு விளிம்பு வகுக்கப்பட்டிருந்தது. 2007-ஆம் ஆண்டு பன்னாட்டு இறையியல் ஆணையம் அதனை ஆராய்ந்து, அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்பி எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்றது. பணத்தை வாங்கிக்கொண்டேன்.

கருத்துப் பதிவேட்டைத் திறந்தேன். நாள், வேண்டுபவர் பெயர், யாருக்காக என்று மூன்று கட்டங்கள். எங்கள் பங்கில் அதைத் திருப்பலிக்கு முன் ஒலிபெருக்கியில் வாசிப்பது வழக்கம். மேலே இறந்த தாத்தாக்கள், பாட்டிகள், விபத்தில் போன இளைஞர் இருவர் பெயர்கள் வரிசையாய் இருந்தன. மூன்றாம் கட்டத்தில் எழுதுகோலை ஊன்றியபடி நெடுநேரம் அமர்ந்திருந்தேன். "எண்ணை எழுதிடாதீங்க சாமி" என்றார் அவர். பிறகு, "லெய்டன் ஊர்ப் பெண் பிள்ளை" என்று எழுதினேன். அவ்வாறே வாசித்தார்கள்.